ஒரு மூடி தோல் தண்ணி

ஒரு மூடி போதும், அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம் என்று சொல்லிக்கொண்டே தமயந்தியம்மா பாட்டிலைச் சாய்த்து மூடியில் ஊற்றிய விதத்தைப் பார்த்தால், கைக்குழந்தைக்கு இருமல் மருந்து அளக்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூடி நிறைந்தது, பக்கெட்டில் கவிழ்ந்தது, அந்தப் புளித்த வாடை குப்பென்று எழுந்து அஞ்சுகத்தின் மூக்கில் ஏறியது. இதுக்குப் பேர் வாசனையாம். ஒன்பது வருஷமாக இந்த ஆதம்பாக்கம் வீட்டு ஹாலை வாரத்தில் ஆறு நாள் துடைக்கிறவள் அவள். வெள்ளை டைல்ஸில் எந்தச் சந்தில் கறுப்பு ஏறும், சோபாவின் எந்தக் காலுக்கு அடியில் முடி சுருண்டு கிடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அவளுக்குப் போய் ஒரு மூடி, அரை பக்கெட் தண்ணி, நீட்டுக் குச்சி வைத்த மாப்பு என்று இன்றைக்குப் பாடம் நடக்கிறது. பதினோரு மணிக்கு அப்பார்ட்மெண்ட் பெண்கள் மூணு பேர் தரையைப் பார்க்க வருகிறார்களாம். பிடித்துப்போனால் மாடிப்படி, லிஃப்ட், எல்லா வீடு என்று மொத்தக் கட்டடத்துக்கும் இனிமேல் இந்தத் தண்ணிதானாம். அதனால இன்னிக்கு நான் சொன்ன மாதிரியே செய், அஞ்சுகம், உன் இஷ்டத்துக்குப் போகாதே. இத்தனை சொல்லிவிட்டு, தமயந்தியம்மா படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்து, ம், தொடை என்றாள். அஞ்சுகம் துடைத்தாள். பக்கெட்டையும் மாப்பையும் அவள் இரண்டு கைகளையும் போன் பார்த்துக்கொண்டது. முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் தமயந்தியம்மா குளித்துப் புடவை மாற்றப் போய்விட்டாள், ஹாலில் அஞ்சுகமும் அந்த வாடையும் மட்டும் இருந்தார்கள்.

தோல் தண்ணி. அஞ்சுகம் வைத்த பேர் அது, தமயந்தியம்மா வைத்த பேர் வாயில் நுழையாது. ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், சாத்துக்குடித் தோல், எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு, அதில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, தொண்ணூறு நாள் மூடி வைக்க வேண்டும். தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து காற்றைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் டப்பா வெடிக்கும். அந்த மூடியைத் திறக்கிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது, அது போகட்டும். வெல்லம். தரை துடைக்க வெல்லம். உலகத்தில் எவளாவது வெல்லத்தைக் கரைத்துத் தரையில் ஊற்றுவாளா? வெல்லமெல்லாம் நொதிச்சு மாறிடும், அது வெல்லமே இல்லை என்று தமயந்தியம்மா படித்துப் படித்துச் சொன்னாள், அஞ்சுகமும் சரி, படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று முதல் வாரம் முழுக்க அளந்து கொடுத்ததை அப்படியே போட்டுத்தான் துடைத்தாள், சத்தியமாகத் துடைத்தாள். டப்பாவைத் தொண்ணூறு நாள் வைக்கப் பொறுமை இருந்ததா இல்லையா, அது அந்த அம்மாவுக்குத்தான் வெளிச்சம். நாலாம் நாள் டி.வி. ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து ஒரு வரிசை கிளம்பியது, ஐந்தாம் நாள் அது இரண்டு வரிசை, ஆறாம் நாள் வீட்டு ஐயாவின் காலில் எறும்பு ஏறி, அவர் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து குதித்தார். அன்றைக்குத் தமயந்தியம்மா என்ன சொன்னாள்? என் தண்ணியில கோளாறு என்றாளா? இல்லையே. அஞ்சுகம், நீ சரியாப் பெருக்கறதில்லை, தின்பண்டம் எங்கேயோ சிதறிக் கிடக்கு, அதான் எறும்பு என்றாள். வயிறு எரிந்தது அவளுக்கு. இப்போது நினைத்தாலும் எரிகிறது. பெருக்குவதில்லையாம். ஒன்பது வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையை யாரும் அவளைப் பார்த்துச் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து அளந்து ஊற்றிய பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போவாள், கக்கூஸில் கவிழ்ப்பாள், ஒரு அமுக்கு அமுக்குவாள், போச்சு. பினாயிலைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்களே, அதையும் அவள் தொடவில்லை. வெறும் தண்ணி. பிழிந்த துணி. தண்ணி கலங்கினால் கொட்டிவிட்டு வேறு தண்ணி. ஒரு ஹாலுக்கு நாலு தடவை, சில நாள் ஐந்து. எறும்பு போய்விட்டது. தரை பளபளவென்று ஆகிவிட்டது. பத்தாம் நாள் தமயந்தியம்மா நடு ஹாலில் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பார்த்தியா நம்ம தண்ணியோட வேலையை, கெமிக்கல்ல இந்த மினுமினுப்பு வருமா என்று கேட்டாள். நம்ம தண்ணி.  அன்றைக்கே அஞ்சுகம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டாள், நாலு மாசம் ஓடிவிட்டது.

நாலு மாசமாக அவள் முட்டி தேய்ந்த வேலைக்கு ஒரு பாட்டில் மாலை வாங்கிக்கொண்டிருக்கிறது. எதிர் வீட்டுக்காரி வந்தால் பாட்டில், நாத்தனார் வந்தால் பாட்டில், போனில் யார் கூப்பிட்டாலும் பாட்டில். ஒருத்தி, ஒரே ஒருத்தி, யார் துடைக்கிறாங்க என்று கேட்டதுண்டா? முன்னே ஒரு தடவை தமயந்தியம்மா எடுத்துப் போனில் போட்ட படத்தை அஞ்சுகத்தின் மகள் சுமித்ரா பார்த்துவிட்டு, இது உன் கைதானேம்மா, அந்தப் பச்சை வளையல் தெரியுது என்றாள். ஆமாண்டி, என் கைதான், ஆனா பேசுறது இன்னான்னு கேளு என்றதற்கு மகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். வாயை வச்சிக்கினு சும்மா இரும்மா, கக்கூஸ்ல ஊத்துறேன்னு சொல்லி வைக்காத, நாளைக்கு அந்த வாசப்படி மிதிக்க முடியாது என்றாள். சிரிக்கிறதுக்கு என்ன இருக்கிறது இதில்? மாப்பை முன்னால் தள்ளினாள், பின்னால் இழுத்தாள். நின்றுகொண்டு துடைக்கிறதாம். உன் முட்டிக்காகத்தான் வாங்கினேன் அஞ்சுகம், குந்திக் குந்தி உக்காராதே என்று தமயந்தியம்மா சொன்னபோது குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். முட்டி வலிக்கிறது என்று அவள் யாரிடம் சொன்னாள்? வலிக்கிறதுதான். இடது முட்டி காலையில் எழுந்ததும் மடங்காமல் அடம் பிடிக்கிறதுதான். அதற்காக அஞ்சடி உயரத்தில் நின்றுகொண்டு தரையைத் துடைத்தால் தரையில் இருப்பது கண்ணுக்குத் தெரியுமா? முடி தெரியுமா, காபி சொட்டுக் காய்ந்தது தெரியுமா? தரைக்குக் கிட்டே போய் உட்கார்ந்தால்தான் தரை தன்னைக் காட்டும். இந்த மாப்பு அழுக்கை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அரை பக்கெட் தண்ணி இப்போதே சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. மாத்தக் கூடாதாம். மாத்தினா தண்ணியோட சத்து போயிடுமாம். அழுக்குத் தண்ணிக்கு என்ன சத்து? ஷோகேஸ் பக்கம் துடைத்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். காய்கிற இடத்தில் கோடு கோடாக வரி விழுந்திருந்தது. 

அவள் மாட்டிக்கொண்டாள். நேற்று ராத்திரியிலிருந்து இதையே நினைத்து நினைத்து, திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டிருக்கிறாள். சொன்னபடி தோல் தண்ணி போட்டுத் துடைத்தால் தரை பிசுபிசுவென்று வரி வரியாக நிற்கும், வருகிற மூணு பேரும் பார்ப்பார்கள், அப்போது பாட்டிலையா குற்றம் சொல்லப் போகிறார்கள்? இவளுக்குத் துடைக்கத் தெரியலை என்பார்கள். தமயந்தியம்மாவே முதல் ஆளாகச் சொல்லுவாள், எறும்புக்குச் சொன்ன மாதிரி. தன் வழியில் நாலு தண்ணி மாற்றித் துடைத்தால் தரை கண்ணாடி மாதிரி நிற்கும், ஆஹா என்பார்கள், பாட்டில் பேர் வாங்கும், நாளையிலிருந்து முப்பத்தாறு வீட்டிலும் பாட்டில் நுழையும். அந்த வீடுகளில் துடைக்கிற அத்தனை பேரும் எறும்பு வந்தால் பேச்சு வாங்குவார்கள், தரை ஒட்டினால் பேச்சு வாங்குவார்கள். அஞ்சுகம் கையில மட்டும் எப்படி மின்னுது, நீங்கதான் சோம்பேறிங்க என்று அவள் பேரைச் சொல்லியே அவர்களை அடிப்பார்கள். ரெண்டாவது மாடியில் வேலை செய்கிற குப்பம்மாள் பாவம், ஏற்கெனவே அந்த வீட்டுக்காரியிடம் படாத பாடு படுகிறாள். எப்படிப் போனாலும் அஞ்சுகத்தின் பேர்தான் போகிறது. ஒரு வழியில் கெட்டுப்போகிறது, இன்னொரு வழியில் காணாமல் போகிறது. வேறு என்ன இருக்கிறது அவளிடம்? படிப்பு இருக்கிறதா? அந்தப் பேரை வைத்துத்தானே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனாள். அஞ்சுகம் வருவாளா, அஞ்சுகத்துக்கு நேரம் இருக்குமா என்று ஆள் அனுப்பிக் கேட்டவர்கள் உண்டு. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் வழவழவென்று இருந்தது. இதற்கு முன்னால் வேலை செய்த வீட்டில் பாத்ரூமுக்கு ஆசிட் போடச் சொல்வார்கள், புகை கண்ணைக் கரிக்கும், கையுறை கேட்டதற்கு, பழகிடும் என்றார்கள். பழகவில்லை, ரேகைதான் போயிற்று. ரேஷன் கடையில் மிஷினில் விரலை வைத்தால் அது அவளை ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்கிறது. இந்த விரல், அந்த விரல், துடைச்சிட்டு வைம்மா, ஈரமா வைம்மா என்று பின்னால் வரிசை முணுமுணுக்கும். மிஷினுக்கு அவள் ஆளில்லை. சரி, அது மிஷின். மனுஷிக்கு என்ன? ஒன்பது வருஷம் பார்த்த மனுஷிக்கு எது பாட்டில் வேலை, எது கை வேலை என்று தெரிய வேண்டாமா? அந்த ஆசிட் வீட்டைச் சொன்னபோது தமயந்தியம்மாதான், இந்த வீட்டில் ஆசிட் நுழையாது அஞ்சுகம் என்றாள், சொன்னபடி நடந்துகொண்டாள், அதை அவள் மறக்கவில்லை. நல்லவள்தான். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்து அனுப்பினாள். கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று இவ்வளவு திண்டாட வேண்டாம், பளிச்சென்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நல்லவர்களிடம்தான் வாயைத் திறக்க முடியவில்லை. அதனால் கோபம் இல்லை என்று ஆகிவிடுமா? பெருக்குவதில்லை என்று சொன்னாளே.

ஹாலின் நடுவுக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டு மேஜைக்கும் சோபாவுக்கும் நடுவில், மேலே மின்விசிறி தொங்குகிற இடம். காலை எடுத்து வைத்தபோது சப்பென்று சின்னச் சத்தம் கேட்டது. இன்னொரு காலை வைத்தாள், அதற்கும் சப். குனிந்து விரலால் தரையைத் தேய்த்தாள். பிசுக்கு. ஷோகேஸிலிருந்து இந்த இடம் வரைக்கும் அந்தப் பிசுக்கைத் தன் கையால் தடவி வைத்திருக்கிறாள். சொன்னபடி செய்தாள், ஒரு மூடி, அரை பக்கெட், நின்றுகொண்டு, மாற்றாமல், ஒரு குறை வைக்கவில்லை. இன்னும் இவ்வளவு தூரம்தான், பால்கனிக் கதவு வரைக்கும். இழுத்துவிட்டால் முடிந்தது, எது எப்படிப் போனால் என்ன, சொன்னதைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மாப்பை முக்கினாள், தூக்கினாள், சாம்பல் தண்ணி சொட்டியது. கை கீழே இறங்கவில்லை. அவள் நிறுத்தவில்லை, கைதான் நின்றது. முடியாது, இதைத் தரையில் வைக்க முடியாது. என்ன பேச்சு வாங்கினாலும் சரி. மாப்பைச் சுவரில் சாய்த்தாள், பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கக்கூஸில் கவிழ்த்தாள், பெட்ரூம் குளியலறைக்குள் தமயந்தியம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு தண்ணி ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. நல்ல தண்ணி பிடித்தாள். வாஷிங் மிஷின் பின்னால் செருகி வைத்திருந்த ஐயாவின் பழைய வேட்டித் துணியை எடுத்தாள், முக்கினாள், முறுக்கிப் பிழிந்தாள், இடது முட்டியைக் கெஞ்சிக் கேட்டு மடக்கி உட்கார்ந்தாள். அப்பாடா. இதோ இருக்கிறது தரை. கையை அரைவட்டமாக வீசினாள், பின்னால் நகர்ந்தாள், வீசினாள், நகர்ந்தாள். தண்ணி கலங்கியது, எழுந்தாள், கொட்டினாள், மாற்றினாள். லிஃப்டில் செகரட்டரி ஒட்டியிருக்கிற தண்ணிச் சிக்கன நோட்டீஸ் ஞாபகத்துக்கு வந்தது, ஒட்டட்டும். மேஜைக் காலுக்கு அடியில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து கிடந்தது, நகத்தால் எடுத்தாள். மாப்பு இதைப் பார்த்திருக்குமா? மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த சண்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது. துணி நகர நகர டைல்ஸ் மின்னிக்கொண்டு வந்தது. பால்கனிக் கதவு வரைக்கும் நாலு தண்ணி ஆயிற்று. திரும்பிப் பார்த்தாள். ஹால் இரண்டாக நின்றது. மின்விசிறிக்கு அந்தப் பக்கம் மங்கலாக, வரி வரியாக. இந்தப் பக்கம் பால்கனி வெளிச்சம் விழுந்து கண் கூசியது. ஐயோ, இப்படி விட முடியாதே, அந்தப் பாதியையும் எடுத்துவிட வேண்டும், இன்னும் ஐந்து நிமிஷம், இல்லை பத்து. எடுத்துவிட்டால் முழு ஹாலும் மின்னும், முழுப் பேரும் பாட்டிலுக்குப் போகும், நாலு மாசமாக நடந்ததே இன்னும் ஒரு நாள் நடக்கும், நடக்கட்டும். அவளால் பிசுக்குத் தரையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஐந்தாவது தண்ணி பிடித்துக்கொண்டு வந்து பக்கெட்டை வைத்தாள். வாசல் மணி அடித்தது. பதினொன்றுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

தமயந்தியம்மா மஞ்சள் புடவையில் ஈரத்தலையோடு வந்து கதவைத் திறந்தாள். மூணு பேரில் மூத்தவள் நாலாவது மாடி விசாலாட்சியம்மா, ரிட்டையரான ஹெட்மிஸ்ட்ரஸ், செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் உள்ளே வந்தது அவள்தான். வாசல் கதவு ஷோகேஸ் பக்கம். சப் என்றது. அவள் காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தாள். இன்னும் காயலை, இப்பத்தான் துடைச்சிருக்கா என்றாள் தமயந்தியம்மா. காஞ்சுதான் இருக்கு தமயந்தி என்று சொல்லிவிட்டு விசாலாட்சியம்மா நடந்தாள், சப், சப், மின்விசிறியைத் தாண்டினாள், சத்தம் நின்றது. அங்கேயே நின்றுகொண்டு காலால் தரையை இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தாள். மற்ற இரண்டு பேரும் அவள் பின்னாலேயே போய் அவள் பக்கத்தில் நின்றார்கள். யாரும் ஆஹா என்று சொல்லவில்லை. தமயந்தியம்மா இங்கே பார்த்தாள், அங்கே பார்த்தாள், அப்புறம் பக்கெட்டைப் பார்த்தாள், வேட்டித் துணியைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள். அஞ்சுகத்துக்கு எல்லாவற்றையும்விட அவள் அப்படி மோந்து பார்த்ததுதான் சுருக்கென்று தைத்தது.

"அந்தப் பக்கம் என்ன ஊத்தினே? பினாயில் கொண்டாந்தியா?"

நாலு மாசமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்போது தானாகவே வெளியே வந்தது. இத்தனை நாள் பயந்ததற்கு அது ஒன்றும் பெரிய விஷயமாக இல்லை. "ஒண்ணும் ஊத்தலம்மா. வெறும் தண்ணி. நாலு தபா மாத்தினேன். இந்தப் பாதிதான் உங்க தண்ணி, நீங்க சொன்ன மாதிரியே ஒரு மூடி."

"அப்ப இத்தனை நாளும்?"

"வெறும் தண்ணிதான், நாலு மாசமா. உங்களுது கக்கூஸ்ல போச்சு."

விசாலாட்சியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மற்ற இரண்டு பேரில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, இருமுகிற மாதிரி மறைத்துக்கொண்டாள். தமயந்தியம்மாவின் முகம் சிவந்தது, பிறகு சிவப்பு வடிந்துபோயிற்று. கத்துவாள் என்று அஞ்சுகம் எதிர்பார்த்தாள், அவள் கத்தவில்லை. தினம் காலையில் எழுந்து டப்பாவைத் தொட்டுப் பார்க்கிறவள், தோலை நறுக்கி நறுக்கி விரலில் எரிச்சல் என்று எண்ணெய் தடவிக்கொண்டவள், நாலு பேர் முன்னால் அப்படி நின்றது பார்க்க நன்றாக இல்லை, அதுவும் உண்மை. ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"நாலு மாசமா என்னை ஏமாத்திட்டு இருந்திருக்கே."

 இந்த வார்த்தையும் வந்துவிட்டது. பெருக்குவதில்லை, பினாயில் கொண்டு வந்தாள், ஏமாற்றினாள். அஞ்சுகத்துக்குக் கண்ணில் தண்ணி வரப் பார்த்தது, வரக்கூடாது என்று பல்லைக் கடித்தாள், வரவில்லை.

"ஏமாத்தலம்மா. தொடைச்சேன்."

 வேட்டித் துணியை ஐந்தாவது தண்ணியில் முக்கினாள், பிழிந்தாள். எல்லாரும் அந்தப் பக்கமாவே கொஞ்சம் நில்லுங்கம்மா, இந்தப் பாதியை முடிச்சிக் குடுத்துட்டுப் போறேன் என்றாள். போய்விட்டு நாளைக்கு வரலாமா என்று அவள் கேட்கவில்லை, தமயந்தியம்மாவும் சொல்லவில்லை. முட்டியை மடக்கி உட்கார்ந்து ஷோகேஸ் மூலையிலிருந்து ஆரம்பித்தாள். மூணு பெண்களும் மின்விசிறிக்கு அந்தப் பக்கத்தில் நின்று அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமயந்தியம்மா மட்டும் பிசுக்குப் பாதியில் நின்ற இடத்திலேயே நின்றாள். நகரச் சொல்ல அஞ்சுகத்துக்கு மனசு வரவில்லை, அவள் காலைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனாள்.